4294967295: இந்த எண்ணுக்குள் என்னதான் இருக்கிறது?

எண்விரும்பி:

கணினியோடு பழகியவர்கள் 4294967295 என்ற எண்ணை எங்காவது பார்த்திருப்பார்கள். +, − குறி இல்லாமல் 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்களில், எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இது. அப்படிப்பட்ட இடத்தில் −1ஐக் கொண்டுபோய்ப் போட்டாலும் இதேதான் வந்து நிற்கும். அதனால் இதைப் பார்த்ததுமே 'எங்கோ பிழை' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் காரணிப்படுத்திப் பாருங்கள்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள். 2+1, 4+1, 16+1, 256+1, 65536+1 என்று ஒவ்வொன்றும் 2இன் ஓர் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது. அந்த அடுக்குகளில் ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் வர்க்கம். 17ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஃபெர்மாவின் பெயரால் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். இந்த வரிசையில் இன்றுவரை தெரிந்த பகா எண்கள் இந்த ஐந்து மட்டும்தான். தெரிந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பெருக்கினால், இருமத்தில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறையில்) முப்பத்திரண்டு 1கள் வரிசையாக நிற்கும் எண் கிடைக்கிறது. இதில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு கட்டாயம் என்பதைத்தான் இங்கே பேச ஆசை.

இருமன்:

பெருக்கற்பலன் அப்படி வருவதில் தற்செயல் துளியும் இல்லை. (அ − 1)(அ + 1) = அ² − 1 என்ற பள்ளிப் பாடம் போதும். 2 − 1 = 1 என்பதில் தொடங்குங்கள். அதை 3ஆல் பெருக்கினால் 2² − 1, அதாவது 3. அதை 5ஆல் பெருக்கினால் 2⁴ − 1 = 15. 17ஆல் பெருக்க 255, 257ஆல் பெருக்க 65535, 65537ஆல் பெருக்க 4294967295. ஒவ்வொரு படியிலும் அடுக்கு இரட்டிக்கிறது, அவ்வளவுதான்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைக்கும் கதை எல்லாருக்கும் தெரியும். அதில் பாதிப் பலகை, 32 கட்டம், நிரம்பும்போது இருக்கும் மணிகளின் எண்ணிக்கையும் இதே 4294967295தான்.

சல்லடை:

இருமன் சொன்னது சரி. பெருக்கல் கட்டாயம், ஐந்தும் பகா எண்களாக அமைந்தது மட்டும்தான் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பித்தான் ஃபெர்மாவே தடுக்கி விழுந்தார். இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று 1640 வாக்கில் அவர் கடிதங்களில் எழுதினார். 1729இல் கோல்ட்பாக் என்ற கணிதர் அந்தக் கேள்வியை இன்னொரு கணிதரான ஆய்லரிடம் கொண்டுபோனார். 1732இல் ஆய்லர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார்:

4294967297 = 641 × 6700417

நம் எண்ணுக்கும் இதற்கும் இரண்டே வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். 641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் போடாமலே பார்த்துவிடலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். ஆகவே 5⁴ என்பது −2⁴. இதை அங்கே போட்டால் −2³² என்பது 1. அதாவது 2³² + 1ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும்.

இந்த நான்கு வரி எனக்குக் கணிதத்திலேயே மிகப் பிடித்தவற்றில் ஒன்று. ஒரே எண் இரண்டு விதமாக எழுத இடம் கொடுப்பதால் எல்லாம் நடந்து முடிகிறது.

புதியவள்:

சல்லடை அண்ணா, நிரூபணம் புரிகிறது. ஆனால் ஆய்லர் 641 என்ற எண்ணை எப்படிப் பிடித்தார்? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தால் நூற்றுக்கும் மேல் வகுக்க வேண்டியிருக்குமே?

சல்லடை:

நல்ல கேள்வி, தங்கையே. 2³² + 1ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். ப என்ற பகா எண் அதை வகுத்தால், ப-வால் வகுத்த மீதிகளின் உலகில் 2³² என்பது −1, 2⁶⁴ என்பது 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது. அப்படியானால் 64 என்பது ப − 1ஐ வகுத்தே ஆக வேண்டும். ஏனெனில் அங்கே 2ஐ ப − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தினாலும் 1தான் வரும்; இது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஃபெர்மாவின் ஊகத்தை உடைக்க ஃபெர்மாவின் தேற்றமே கருவியானது.

அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடும்.

கோணமானி:

எல்லாரும் பெருக்கலிலேயே நிற்கிறீர்கள். இந்த எண்ணின் பெருமை வடிவியலில் இருக்கிறது. அளவு குறிக்காத கோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்டவற்றுள், இன்று நமக்குத் தெரிந்த மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது.

1796இல், பத்தொன்பது வயது நிரம்பும் முன்பே, காஸ் என்ற கணிதர் 17 பக்கப் பலகோணத்தை இப்படி வரைய முடியும் என்று கண்டார். யூக்ளிட் காலத்துக்குப் பிறகு அந்தத் துறையில் வந்த முதல் புதுச்செய்தி அது. 1801இல் வெளியான தன் நூலில் பொது விதியைத் தந்தார்: வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனை 2இன் ஏதாவது ஓர் அடுக்கால் பெருக்கி வரும் பக்க எண்ணிக்கை என்றால் வரையலாம். மற்றவற்றை வரைய முடியாது என்பதற்கான முழு நிரூபணத்தை 1837இல் வான்ட்செல் வெளியிட்டார்.

ஆகவே ஒற்றைப்படைப் பலகோணங்களைப் பட்டியலிட நம் எண்ணின் வகுத்திகளை எழுதினாலே போதும். ஐந்து பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், 32 வகுத்திகள். 1ஐத் தள்ளிவிட்டால் 31 பலகோணங்கள். 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போய்க் கடைசியில் வந்து நிற்பது இதுதான்.

இவற்றில் சிலவற்றுக்காக மனிதர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 257 பக்கத்துக்கான வழியை ரிச்செலோ 1832இல் வெளியிட்டார். 65537 பக்கத்துக்காக ஹெர்மெஸ் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்து 1894இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

புதியவள்:

ஆனால் அவ்வளவு பக்கம் இருந்தால் அது வட்டமாகத்தானே தெரியும்?

கோணமானி:

தெரிவதென்ன, அளந்தால்கூடப் பிடிபடாது. பூமத்திய ரேகையை வட்டமாக வைத்து, ஏறத்தாழ 40,075 கிலோமீட்டர், அதற்குள் இந்தப் பலகோணத்தை வரைவதாகக் கொள்வோம். ஒரு பக்கத்தின் நீளம் 9.3 மில்லிமீட்டர் வரும். அந்தப் பக்கத்தின் நடுவுக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டேன். ஒரு மில்லிமீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் இரண்டு பங்குகூட வரவில்லை. ஹைட்ரஜன் அணுவின் விட்டமே அந்தக் கணக்கில் சுமார் நூறு பங்கு. பூமி அளவு வரைந்தும் வட்டத்திலிருந்து விலகுவது அணுவின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு!

வரையும் முறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 3 பக்கமும் 5 பக்கமும் கையில் இருந்தால் 15 பக்கம் வரும் என்பது யூக்ளிட் நூலிலேயே உண்டு. காரணம் 2/5 − 1/3 = 1/15. அடுத்த படியில் 8/17 − 7/15 = 1/255. இதே போக்கில் கடைசிப் படி:

32768/65537 − 32767/65535 = 1/4294967295

அதாவது 65537 பக்கப் பலகோணமும் 65535 பக்கப் பலகோணமும் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே வட்டத்தில் இருந்தால், முதலாவதில் 32768ஆம் முனைக்கும் இரண்டாவதில் 32767ஆம் முனைக்கும் நடுவே உள்ள வில்தான் நமக்கு வேண்டிய ஒரு பக்கத்தின் வில்.

எண்விரும்பி:

அந்தப் பின்னக் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்தேன். 32768 × 65535-லிருந்து 32767 × 65537ஐக் கழித்தால் சரியாக 1. அருமை, கோணமானி ஐயா.

முக்கோணி:

இந்த 32 வகுத்திகளையும் இருமத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தீர்களா? முதல் எட்டு மட்டும் போடுகிறேன்:

1 → 1
3 → 11
5 → 101
15 → 1111
17 → 10001
51 → 110011
85 → 1010101
255 → 11111111

இப்போது பாஸ்கல் முக்கோணத்தை (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டின் கூட்டல்) எடுத்து, ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றுங்கள். இதே வரிகள்! எடுத்துக்காட்டாக 1, 5, 10, 10, 5, 1 என்ற வரி 110011 ஆகிறது, அது 51. சியர்பின்ஸ்கி முக்கோணம் என்று படங்களில் பார்க்கிறோமே, அதே வடிவம். முதல் 32 வரிகளை இருமமாகப் படித்தால் 4294967295இன் 32 வகுத்திகளும் ஏறுவரிசையில், ஒன்றுகூட விடுபடாமல் வருகின்றன. முப்பத்திரண்டாவது வரி முழுக்க 1. அதுதான் நம் எண்.

காரணமும் எளிது. (1 + ய)ஐ வர்க்கப்படுத்தினால் 1 + 2ய + ய². ஒற்றை இரட்டை மட்டும் பார்த்தால் நடுவில் இருக்கும் 2ய காணாமல் போகும். மிஞ்சுவது 1 + ய². இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 1 + ய⁴. அப்படியே போகலாம். ஐந்தாம் அடுக்கு வேண்டுமென்றால் 5 = 4 + 1 என்பதால் (1 + ய)(1 + ய⁴). இதில் ய-க்குப் பதில் 2 போட்டால் 3 × 17 = 51. எந்த இடத்திலும் அடுத்த இலக்கத்துக்கு எதுவும் ஏறாது என்பதால் கெழுக்கள் அப்படியே இரும இலக்கங்களாக நிற்கின்றன.

பாஸ்கல் முக்கோணத்துக்கும் கவராயத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், எந்தெந்தப் பலகோணம் வரையலாம் என்ற பட்டியலே அந்த முக்கோணத்தில் எழுதியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். முப்பத்திரண்டு வரி வரைக்கும்!

ஐயப்பாடு:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றுபோல் வருவது, எல்லா இலக்கமும் 1 என்பது, இதெல்லாம் நாம் இருமத்தில் எழுதுவதால் வருவது. அது எண்ணின் குணமல்ல, எழுதும் முறையின் குணம். நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமானத்திலும் இதே வேடிக்கை உண்டு: 11 × 101 = 1111, அதை 10001ஆல் பெருக்கினால் 11111111. பாஸ்கல் வரிகளும் அப்படியே வரும். இதற்கெல்லாம் வியப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முக்கோணி:

நண்பரே, நீங்கள் தந்த உதாரணமே நான் சொல்ல வந்ததை இன்னும் தெளிவாக்குகிறது. வடிவம் எந்த அடிமானத்திலும் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணிகளைப் பாருங்கள். பத்தில் 11, 101 இரண்டும் பகா எண்கள். 10001 வந்ததும் 73 × 137 என்று உடைந்துவிடுகிறது. ஆறடிமானத்தில் 7, 37, 1297 என்று மூன்று வரை தாங்குகிறது; அடுத்து வரும் 1679617 என்பது 17 × 98801. இரண்டிலோ 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து படி ஏறுகிறது. வடிவமும் பகாத்தன்மையும் அவ்வளவு தூரம் கைகோத்து நடந்ததால்தான் வகுத்திகளின் முழுப் பட்டியலும் பாஸ்கல் வரிகளும் ஒன்றாகின்றன. எழுதும் முறையை மாற்றினாலும் 32 வகுத்திகள் 32 வகுத்திகள்தானே.

இருமன்:

ஐயப்பாடு கேட்டது நியாயமான கேள்வி. அடிமானத்தைச் சார்ந்தவற்றிலும் ஆழம் உண்டு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1/4294967295ஐ இருமத்தில் விரித்தால் 31 பூச்சியம், ஒரு 1 என்று 32 இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும். 1/17 என்பது 00001111 என்று எட்டு இலக்கத்துக்கு ஒருமுறை. 1/65537 என்பது 16 பூச்சியம், 16 ஒன்று. இவ்வளவு ஒழுங்கு.

அதையே பத்தடிமானத்தில் விரித்துப் பாருங்கள். 5 ஒரு காரணியாக இருப்பதால் முதல் இலக்கம் தனியாக நிற்கும். அப்புறம் 65536 இலக்கத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். 1/7இன் 142857ஐ எல்லாரும் கொண்டாடுகிறார்கள். 1/17உம் அதே இனம்: 0588235294117647 என்ற பதினாறு இலக்கங்களை 2ஆல், 3ஆல் என்று 16 வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் சுழன்று வரும். 257க்கும் 65537க்கும் இதே குணம் உண்டு. இவற்றில் ஒன்று குறைந்த எந்த எண்ணும் 2இன் அடுக்கு. அதனால், 10 ஒரு வர்க்கத்தின் மீதியாக இல்லாவிட்டாலே சுழற்சி முழு நீளத்துக்கு ஓடிவிடும். இலக்கங்களின் வேடிக்கைக்குப் பின்னால் இருப்பதும் அதே 2இன் அடுக்குதான்.

கோணமானி:

எந்த அடிமானமும் தேவைப்படாத ஒன்றை நான் சொல்கிறேன். ஆய்லரின் ஃபை சார்பு: ஓர் எண் வரை உள்ள எண்களில் அதோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று எண்ணுவது. நம் எண்ணுக்கு ஒவ்வொரு பகா காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்:

ஃபை(4294967295) = 2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹ = 2147483648

அடுத்த எண் 4294967296 என்பது 2³². அதோடு பொதுக் காரணி இல்லாதவை ஒற்றை எண்கள் எல்லாம், சரியாகப் பாதி. அதுவும் 2³¹. அடுத்தடுத்த இரண்டு எண்கள், ஒன்றுக்கு ஐந்து ஒற்றைப்படைக் காரணிகள், மற்றதில் 2ஐத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் ஃபை மதிப்பு ஒன்றே. 3, 15, 255, 65535 எல்லாவற்றுக்கும் இதே. கவராயத்தால் வரைய முடிவதற்குக் காரணமும் இதுவே: ஃபை மதிப்பு 2இன் அடுக்காக இருந்தால் வர்க்கமூலம் எடுத்து எடுத்தே முனைகளை அடைந்துவிடலாம்.

ஐயப்பாடு:

இதை ஏற்கிறேன். இது எண்ணின் குணம்தான்.

ஒரு சந்தேகம். ஃபை மதிப்பை இரட்டித்தால் எண்ணைவிட ஒன்று அதிகம் வருகிறது அல்லவா? அப்படி வந்தாலே ஃபெர்மா பகா எண்கள் உள்ளே இருக்க வேண்டுமா?

சல்லடை:

எல்லாக் காரணிகளும் ஃபெர்மா எண்களாக இருக்க வேண்டியதில்லை. 83623935 என்ற எண்ணைப் பாருங்கள். அது 3 × 5 × 17 × 353 × 929. ஃபை மதிப்பு 2 × 4 × 16 × 352 × 928 = 41811968. இரட்டித்தால் 83623936, எண்ணைவிட ஒன்று அதிகம். 353, 929 இரண்டும் ஃபெர்மா எண்கள் அல்ல. ஆனால் இங்கே அடுத்த எண்ணின் ஃபை மதிப்பு 36700160, ஒத்துப்போகவில்லை. ஆகவே நம் எண்ணின் இரண்டு குணங்களும் ஒன்றல்ல. தனித்தனியாக மதிக்க வேண்டியவை.

எண்விரும்பி:

அக்கம்பக்கத்து எண்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தெருவே அழகாக இருக்கிறது. 4294967294 என்பது 2 × 2147483647. அந்த 2147483647 பகா எண் என்று 1772இல் நிறுவியவரும் ஆய்லரே. இன்று அது 2038ஆம் ஆண்டுச் சிக்கலில் வரும் எண். 1970இலிருந்து வினாடிகளைக் குறியோடு எண்ணும் 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று அதைத் தொட்டு நிரம்பும். குறியில்லாமல் எண்ணும் கடிகாரங்கள் நம் எண்ணைத் தொடுவது 2106 பிப்ரவரி 7 அன்று. அடுத்து 2³². அதற்கடுத்து 641 × 6700417. ஆய்லர் நாற்பதாண்டு இடைவெளியில் இந்தத் தெருவுக்கு இரண்டு முறை வந்து போயிருக்கிறார்.

புதியவள்:

கடைசியாக ஒன்று. 'தெரிந்தவற்றுள் மிகப் பெரியது' என்று சொல்கிறீர்கள். நாளைக்கு ஆறாவது ஃபெர்மா பகா எண் கிடைத்தால் இந்த எண்ணின் சிறப்பெல்லாம் போய்விடுமா?

சல்லடை:

பலகோணச் சாதனை போய்விடும். ஃபெர்மா எண்களை 0ஆவது, 1ஆவது என்று எண்ணினால், 5ஆவதிலிருந்து 32ஆவது வரை எல்லாம் பகு எண்கள் என்று நிறுவியாயிற்று. 33ஆவது எப்படி என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதற்கு இருநூற்று ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். எங்கோ ஒன்று பகா எண்ணாக இருந்தால், அதை நம் எண்ணால் பெருக்கி இன்னும் பெரிய ஒற்றைப்படைப் பலகோணம் கிடைக்கும்.

ஆனால் கோணமானி சொன்ன அந்தச் சமன்பாடு, அடுத்த எண்ணோடு ஃபை மதிப்பு ஒத்துப்போவது, இந்த வரிசையில் இனி ஒருபோதும் திரும்பாது. அதற்கு நிரூபணம் உண்டு. ஃபெர்மா எண்களில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்கற்பலனைவிட இரண்டு அதிகம், எல்லாமே ஒற்றை எண்கள், அதனால். ஆகவே பெருக்கற்பலனின் ஃபை மதிப்பு என்பது தனித்தனி ஃபை மதிப்புகளின் பெருக்கற்பலன். ஒரு ஃபெர்மா எண் பகா எண்ணாக இருந்தால்தான் அதன் ஃபை மதிப்பு சரியாக ஒன்று குறைவு. பகு எண்ணாக இருந்தால் அதைவிடக் குறைந்துவிடும். நம் எண்ணைத் தாண்டி 2⁶⁴ − 1, 2¹²⁸ − 1 என்று எவ்வளவு தூரம் போனாலும் 4294967297 உள்ளே உட்கார்ந்திருக்கும். சமன்பாட்டுக்கு அது தர வேண்டியது 4294967296; தருவதோ 640 × 6700416 = 4288266240. அந்தக் குறையை மற்ற எந்த ஃபெர்மா எண்ணாலும் ஈடுகட்ட முடியாது. எந்த ஃபெர்மா எண்ணும் அதிகபட்சம் தன் பங்கைத்தான் தரும், கூடுதலாகத் தராது.

ஆகவே 3, 15, 255, 65535, 4294967295 என்ற அந்த வரிசை இதோடு நிரந்தரமாக முடிகிறது, புதியவளே. இந்த இடத்தில் 'தெரிந்தவற்றுள்' என்ற சொல் வேண்டாம்.